பியோங்சாங் 2018: இந்திய வீரரின் 15 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தை நேரில் பார்த்த அனுபவம்

2018 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிற்கு இந்தியாவிலிருந்து சென்றவர்கள் இரண்டே வீரர்கள். ஒருவர், பனித்தடத்தில் சிறு சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்துச் செல்லும் லூஜ் போட்டியில் ஆறாவது ஒலிம்பிக்கைச் சந்தித்த சிவ கேசவன். மற்றவர், மேடும் பள்ளமுமான பனிப்பாதையில் நெடுந்தூரம் செல்லும் 15 கிலோமீட்டர் கிராஸ்கன்ட்ரி பனிச்சறுக்கில் கலந்துகொண்ட இராணுவ வீரர் ஜெகதீஷ் சிங். அப்போது சுவோன் நகரில் ஆய்வுப் பணியில் இருந்த நான், இருவரில் ஒருவரையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். கேசவனின் போட்டி இரவில் நடந்ததால் ஊர் திரும்ப வழியில்லை. அவர் 34ஆம் இடத்துடன் விடைபெற்றதைத் தொலைக்காட்சியில்தான் பார்க்க முடிந்தது. ஜெகதீஷ் சிங்கின் போட்டி பிப்ரவரி 16ஆம் தேதி பிற்பகலில் இருந்தது.

அந்தத் தேதிதான் சிக்கலாக அமைந்தது. அன்று கொரியர்களின் சந்திரப் புத்தாண்டு. நாடே சொந்த ஊருக்குப் புறப்படும் நாட்கள் அவை. பொங்கலுக்கு முந்தைய இரவில் கோயம்பேட்டில் நின்றவர்களுக்கு அந்த நெரிசலை விளக்க வேண்டியதில்லை. போட்டிக்கான டிக்கெட் எளிதாகவே கிடைத்தது. விசா (Visa) நிறுவனம் ஒலிம்பிக்கின் விளம்பரதாரர் என்பதால் அதன் வங்கி அட்டையைத் தவிர வேறு அட்டை செல்லாது என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியிருந்தது. ரயிலுக்குத்தான் திண்டாட வேண்டியிருந்தது. ஒலிம்பிக்கிற்காகவே சில வாரங்களுக்கு முன் திறக்கப்பட்டிருந்த கங்நுங் அதிவேக ரயில் பாதையில், யாரோ ரத்து செய்த இருக்கை ஒன்று கடைசி நேரத்தில் கிடைத்தது. ஜின்பு நிலையத்தில் இறங்கினால் பார்வையாளர்களுக்கான இலவசப் பேருந்துகள் வரிசையாக நின்றன. அதன் பிறகு பைச் சோதனை, நுழைவு வரிசை எல்லாம் விரைவாகவே முடிந்தன. கைபேசியைக் கோட்டின் உள்பையில், சூடுதரும் ஹாட்பேக்குடன் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

போட்டி நடந்த அல்பென்சியா மைதானத்தில் இருக்கையில் அமர்ந்திருப்பதைவிட வேலியோரம் நிற்பதே சிறந்தது என்பதை அங்கே சென்ற சற்று நேரத்தில் புரிந்துகொண்டேன். இந்தப் போட்டியில் வீரர்கள் அனைவரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. 30 விநாடிக்கு ஒருவராக அனுப்பப்படுகிறார்கள். பாதை சுற்றுப்பாதை என்பதால் ஒரே வீரர் நம்மைப் பலமுறை கடந்து செல்வார். சமதளத்தில் அவர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுகிறார்கள். ஏற்றத்தில்தான் அவர்களது உழைப்பு தெரிகிறது. இறுகிய பனியில் ஊன்றுகோல் குத்தும் கிறீச்சொலி முதலில் கேட்கும். பிறகு வீரரின் மூச்சிரைப்பு. அருகில் வரும்போது தாடையில் எச்சில் உறைந்திருப்பதுகூடக் கண்ணுக்குத் தெரியும்.

ஜெகதீஷ் சிங் குல்மார்க்கில் உள்ள இராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியில் பயின்றவர். அவர் ஏற்றத்தில் வந்தபோது பெயரைச் சொல்லி உரக்கக் கத்தினேன். அருகில் நின்ற கொரியக் குடும்பத்தினர் என் கையிலிருந்த சிறு மூவர்ணக் கொடியைப் பார்த்துவிட்டு, அடுத்த சுற்றில் அவர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை; அந்த ஏற்றத்தில் திரும்பிப் பார்க்க எவராலும் இயலாது. நார்வே போன்ற அணிகள் பனிச்சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு பூசுவதற்கென்றே தனி லாரியையும் வல்லுநர் குழுவையும் கொண்டு வருகின்றன. அன்றைய பனியின் ஈரத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப மெழுகு அமையாவிட்டால், எவ்வளவு வலுவுள்ள வீரரும் ஒவ்வொரு அடியிலும் நேரத்தை இழப்பார். அத்தகைய வசதிகள் கொண்டவர்களுக்கு நடுவே ஓடிய ஜெகதீஷ் சிங் 43 நிமிடம் 0.3 விநாடியில் எல்லையைத் தொட்டு, ஓட்டத்தை முடித்த 116 பேரில் 103ஆவதாக வந்தார். தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் டாரியோ கொலோஞாவுடன் ஒப்பிட்டால் சுமார் 9 நிமிடம் 16 விநாடி வித்தியாசம். மறுநாள் செய்திகளில் 103 என்ற எண் மட்டுமே இடம்பெற்றது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. பனி விளையாட்டுக்கான கட்டமைப்பு மிகக் குறைவாக உள்ள நாட்டிலிருந்து வந்தவருக்கு அந்த நேரக்கணக்கைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

முதலிடம் உறுதியானதும் கூட்டத்தில் பலர் கிளம்பத் தொடங்கினார்கள். நான் நகரவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ ஆடிவிட்டுப் பனிக்கு வந்திருந்த, பசிபிக் தீவு நாடான டோங்காவின் பீட்டா டௌஃபடோஃபுவா 114ஆவதாக வந்து சேர்ந்தார். கடைசி வீரரான மெக்சிகோவின் ஹெர்மன் மத்ராசோ, வென்றவரைவிட ஏறத்தாழ 26 நிமிடம் அதிகம் எடுத்துக்கொண்டு, தம் நாட்டுக் கொடியைப் பிடித்தபடி எல்லைக்கு வந்தார். அவருக்கு முன்பே முடித்திருந்த சிறிய அணிகளின் வீரர்கள் அங்கே காத்திருந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தங்கம் வென்ற கொலோஞாவும் வந்து கைகுலுக்கினார். அதைப் பார்த்தபோது என் கண்கள் கலங்கின.

2022 பெய்ஜிங் போட்டிகளுக்கு இந்தியாவிலிருந்து ஆரிஃப் கான் ஒருவர் மட்டுமே சென்று, கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து மலைச்சரிவில் இறங்கும் ஜயன்ட் ஸ்லாலம் பனிச்சறுக்கில் 45ஆம் இடம் பெற்றார். இனிவரும் போட்டிகளிலும் நம் அணி சிறியதாகவே இருக்கக்கூடும். நேரில் செல்ல விரும்புவோர் போட்டி அட்டவணை வந்தவுடன் முதலில் ரயிலையும் தங்குமிடத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். திரும்பும் ரயிலைக் கடைசி வீரர் வந்து சேர்ந்த பிறகும் இரண்டு மணி நேரம் மிஞ்சும்படி எடுங்கள். இந்திய வீரர் பெரும்பாலும் பிந்திப் புறப்படுபவர்களில் ஒருவராகத்தான் இருப்பார்.