ஏஇஐஎஸ் எழுத வாற பிள்ளையளுக்கு

சொந்தக்காரப் பிள்ளை ஒண்டு வாற வருசம் ஏஇஐஎஸ், அதாவது சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடத்தில சேர வெளிநாட்டுப் பிள்ளையள் எழுதுற சோதினை, எழுதப்போகுதாம், என்ன படிப்பிக்கோணும் எண்டு தாய் வட்ஸ்அப்பில கேட்டவா. பதில் நீண்டுகொண்டே போச்சு, சரி எல்லாருக்குமாச் சேர்த்து எழுதுவம் எண்டு இருந்திட்டன்.

நான் 2010ல 12 வயசில சிங்கப்பூர் வந்தனான். அதுக்கு முதல் இலங்கையில, போரால இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாம், தறப்பாள் கொட்டிலுக்கதான் வகுப்பு. அப்பா இஞ்ச வேலையில இருந்தபடியா எங்களுக்கு டிபெண்டன்ட் பாஸ், வேலை செய்யிறவையின்ர குடும்பத்துக்குக் குடுக்கிற விசா, கிடைச்சது. அகதி எண்டு சிங்கப்பூர் ஆரையும் ஏற்கிறேல்ல, 1951 அகதி ஒப்பந்தத்திலயும் இல்லை. முந்தி வியட்நாம் படகுச் சனத்துக்கு செம்பவாங் ஹோக்கின்ஸ் ரோட்டில 1978லயிருந்து 1996 வரை ஒரு முகாம் இருந்தது, அதுவும் வேற நாடு கிடைக்குமட்டும் தங்கத்தான். அதால சோதினையில நீங்கள் வெறும் வெளிநாட்டுப் பிள்ளை, பட்ட பாட்டுக்கெண்டு மார்க்ஸ் ஒண்டும் இல்லை.

சோதினை இங்கிலீஷும் கணக்கும் மட்டும்தான், வழமையா செப்டம்பர் ஒக்டோபர் பக்கம் வரும். பாஸ் பண்ணினாலும் பள்ளிக்கூடத்தை நாங்கள் பிடிச்சமாதிரித் தெரியேலாது, இடம் இருக்கிற இடத்துக்குப் போடுவினம்.

முதல் தடவை நான் கோட்டை விட்டது இங்கிலீஷில மட்டும் இல்லை, கணக்கிலயும். முகாமில என்னைக் கணக்குப்புலி எண்டுதான் சொல்லுறவை! 80 வெள்ளியில கால்வாசிக்குப் புத்தகம், ரிமெய்ண்டரில ஐஞ்சில மூண்டுக்கு பேக், பேக் என்ன விலை, இப்பிடித்தான் கேள்வி வரும். ரிமெய்ண்டர் எண்டா மீதி எண்டு தெரியாம நான் முழு 80லயும் ஐஞ்சில மூண்டு எடுத்து 48 எண்டு எழுதுவன். விடை 36. செம்பக்கம், தொகுதி எண், பகுதி எண், அட்சரகணிதம் எல்லாம் தலைக்குள்ள இருக்கு, இஞ்சத்தப் பேர்தான் தெரியாது. பிறகு ஒரு கொப்பியில இடப்பக்கம் எங்கட சொல், வலப்பக்கம் இங்கிலீஷ் எண்டு எழுதத் தொடங்கினன், புதுப் பயிற்சிப் புத்தகம் ஒண்டும் வாங்கேல்ல. அடுத்த வருசம் இடம் கிடைச்சது, ஆனா செக் வன், உயர்நிலைப் பள்ளியின்ர முதலாம் வகுப்பு, என்னைவிட ஒரு வயசு குறைஞ்ச பெடியளோட.

கட்டுரைதான் பெரிய சிக்கல். ரியூசன் அக்கா ஒருநாள் 'மறக்கமுடியாத பயணம்' எழுதச்சொன்னவா. நான் எங்கட கடைசி இடப்பெயர்வை எழுதத் தொடங்கி, அரை மணித்தியாலம் முடியேக்க இன்னும் முதல் பங்கருக்குள்ளதான் நிக்கிறன். அக்கா சிவப்புப் பேனையைத் திறந்தவா, வாசிச்சிட்டு மூடிட்டா, ஒரு பிழையும் திருத்தேல்ல. பாவம் பாத்தவா, நட்டம் எனக்குத்தான். சோதினைக்கு, ஈசூன்ல ஏறி டோபிகோட்டில மாறி தேக்காவுக்கு, லிட்டில் இந்தியாப் பக்கம், போன எம்ஆர்டி ரயில் பயணம் போதும், அதை நாலைஞ்சு தரம் நேரம் வைச்சு எழுதிப் பழகுங்கோ. மற்றதை எழுதவேண்டாம் எண்டு சொல்லேல்ல, அதுக்கு வேற கொப்பி, மணிக்கூடு இல்லாமல்.

தமிழ்ப் பாடம் சுகம் எண்டு நினைச்சு வாறியளோ, அதிலயும் ஒரு கூத்து இருக்கு. முதல் கிழமையே ஆசிரியை "நான் உங்க அம்மாகிட்ட பேசணும்"னு சொன்னா. எங்களுக்குப் பேசுறது எண்டா ஏசுறதெல்லோ, நான் அண்டைக்கு அம்மாவுக்கு ஒண்டும் சொல்லாம வயித்துவலி எண்டு படுத்திட்டன். அவா கேக்க இருந்தது சீருடை அளவு.

தாய் தகப்பனுக்கு ஒண்டு, இதை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்ல. 1942ல சிங்கப்பூர் ஜப்பான்காரரிட்ட விழுந்த நாள் எண்டு பிப்ரவரி 15 சைரன் ஊதுவினம், இப்ப பின்னேரம் 6.20க்கு. ஜூலையில தேசிய தின ஒத்திகைக்கு ஃபைட்டர் ஜெட் தாழப் பறக்கும். முதல் வருசம் நான் சாப்பாட்டு மேசைக்குக் கீழ போயிட்டன், தம்பி எனக்குப் பின்னால. அடுத்த வருசம் அம்மா கலண்டரில பென்சிலால வட்டம் போட்டு முதல்நாள் இரவே சொல்லிவைச்சவா. அந்தமுறை தம்பி ஜன்னலடியில நிண்டு எத்தினை ஜெட் எண்டு எண்ணினவன், நான் மேசையடியிலதான் நிண்டன், ஆனா கீழ போகேல்ல.