ஜனநாயகம் பற்றிய கேள்விக்கு 20க்கு 7 வாங்கிய கதை

"உலகில் ஜனநாயகம் பின்வாங்குகிறதா? ஆராய்க." அரசியல் அறிவியல் மாதிரித் தேர்வில் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. எந்த நாட்டில் ஜனநாயகம் எவ்வளவு என்று சொல்லும் தரவரிசை முழுக்க எனக்குத் தலைகீழ்ப் பாடம். நார்வேயில் ஆரம்பித்து ஒரு பக்கம் நிரப்பினேன். அடுத்த பக்கம் ராணுவப் புரட்சிகள்: மியான்மர் 2021, நைஜர் 2023, கபோன் 2023. கிடைத்தது 20க்கு 7. ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தார்: "தகவல் இருக்கிறது, விடை எங்கே?"

அன்று கோபம்தான் வந்தது. ஆறப்போட்டுப் படித்துப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது புரிந்தது.

முதல் வேலையாகத் தரவரிசையை விட்டுவிட்டு, மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தேன். எக்கனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் 60 கேள்விகளை வைத்து ஒவ்வொரு நாட்டுக்கும் 10க்கு மதிப்பெண் தருகிறது. 8ஐத் தாண்டினால்தான் முழு ஜனநாயகம். அமெரிக்கா 2015இல் 8.05, 2016இல் 7.98. அந்த 0.07 அதைக் குறையுள்ள ஜனநாயகங்களின் வரிசைக்குத் தள்ளிவிட்டது. டிரம்ப்தான் காரணம் என்று நம்மில் பலர் எழுதிவிடுகிறோம். அறிக்கை சொன்னதோ, அரசின் மீதான நம்பிக்கை அவருக்கு முன்பே சரிந்துவந்தது, அவர் அதனால் பலன் அடைந்தவர் என்று. நாடுகளின் சுதந்திரத்துக்கு 100க்கு மதிப்பெண் போடும் இன்னோர் அமைப்பான ஃப்ரீடம் ஹவுஸில் அரசியல் உரிமைகளுக்கு 40, குடிமை உரிமைகளுக்கு 60. குறியீடுகளில் இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் ஹங்கேரி. டாங்கி தெருவுக்கு வந்தால் அது ஆட்சிக் கவிழ்ப்பு என்று யாருக்கும் தெரியும். அங்கே வந்தது ஓய்வு வயது. 2010இல் மூன்றில் இரண்டு பங்கு இடங்களோடு ஆட்சிக்கு வந்த பிரதமர் ஓர்பானின் அரசு, நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62ஆகக் குறைத்தது. அனுபவம் மிக்க 200க்கும் மேற்பட்ட நீதிபதிகள் வெளியே போக வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 நவம்பரில் அது தவறு என்றது. அதற்குள் முக்கியமான பதவிகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தேர்தல் விதிகளும் மாறின. 2014இல் ஆளுங்கட்சிக்கு வாக்கு சுமார் 45 விழுக்காடு, இடங்கள் 199இல் 133. எல்லாமே சட்டப்படி! தேர்தல் நடக்கும், ஆனால் அதிகாரம் ஒரே கையில் குவிந்திருக்கும் என்பதைக் குறிக்கும் 'தேர்தல்வழி எதேச்சதிகாரம்' என்ற சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதன் பொருள் இந்தப் பக்கத்தைத் தயாரித்தபோதுதான் பிடிபட்டது.

கேள்வியில் 'ஆராய்க' என்று இருந்தால் மறுபக்கமும் வேண்டும். அதற்கு என் கையில் இருந்தது தென்கொரியா. 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் ராணுவச் சட்டம் அறிவித்தார். நாடாளுமன்ற வளாகத்தை மறித்தார்கள். சபாநாயகரே வேலி ஏறிக் குதித்து உள்ளே போனார். மொத்தம் 300 உறுப்பினர்களில் பெரும்பான்மை கேட்டால் அதிபர் சட்டத்தை நீக்கியே ஆக வேண்டும் என்பது அந்நாட்டு அரசியலமைப்பு. நள்ளிரவு தாண்டி 190 பேர் கூடி, 190 பேரும் நீக்கச் சொல்லி வாக்களித்தார்கள். 2025 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்தே நீக்கியது. மக்களின் துணிச்சலை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அந்த 300இல் பாதிக்கு மேல் என்ற விதியையும் எழுதுங்கள், மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக் குறிப்பு தயாரிக்க ஐந்து நாடுகள் போதும், நாட்டுக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் நான் கேட்டுக்கொண்டது: அதிகாரம் எந்த வழியில் குவிந்தது? தடுக்க வேண்டியவர் யார், அவர் என்ன செய்தார்? தோற்றவர் இறங்கினாரா? துனிசியாவுக்கு இப்படி எழுதியபோது, 2021 ஜூலையில் அதிபர் சையத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது தடுத்துத் தீர்ப்புச் சொல்ல அரசியலமைப்பு நீதிமன்றமே அமைக்கப்பட்டிருக்கவில்லை என்பது கண்ணில் பட்டது. 2014 அரசியலமைப்பு அதை அமைக்கச் சொல்லி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தேர்வுக்கு முந்தின வாரம் அந்த ஐந்து பக்கங்களையும் செய்தியோடு ஒத்துப்பாருங்கள். எல் சால்வடார் பக்கத்தை நான் மூன்று முறை அடித்து எழுதினேன். அதிபர் தொடர்ந்து போட்டியிடக் கூடாது என்றிருந்தது 2021இல் நீதிமன்றத் தீர்ப்பால் மாறியது, 2024இல் அதிபர் புக்கெலே மறுபடி வென்றார், 2025 ஜூலையில் எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம் என்றே திருத்திவிட்டார்கள்.