லித்தியம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இனி?

பைபோலார் (மனம் சில காலம் அளவுமீறிய உற்சாகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் இருக்கும் நோய்; லித்தியம் இதற்கான மருந்து) உள்ளவர்கள் பெரும்பாலும் சோர்ந்து படுத்துவிட்ட பிறகுதான் மனநல மருத்துவரிடம் வருகிறார்கள். ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டும் தூங்கி, கடன் வாங்கிப் புதுத் தொழில் பேசிக்கொண்டிருந்த மாதத்தில் யாரும் கூட்டி வருவதில்லை. "இப்பதான் சுறுசுறுப்பா இருக்கான்" என்று வீடே சந்தோஷமாக இருந்திருக்கும். அந்த மாதத்தைச் சொல்லாமல் விட்டால், வெறும் மனச்சோர்வு என்று நினைத்து அதற்கான மாத்திரையை மட்டும் எழுத வாய்ப்புண்டு. தனியாகக் கொடுத்தால் அது சிலருக்கு மேனியாவை, அதாவது அந்த அளவுமீறிய உற்சாக நிலையை, கிளப்பிவிடும்.

அதனால் முதல் தடவை போகும்போது கூடவே வசிக்கும் ஒருவர் போக வேண்டும். எவ்வளவு தூங்கினார், தூங்காமலும் களைப்பு தெரியவில்லையா, பேச்சும் செலவும் எப்படி இருந்தன, எத்தனை நாள் நீடித்தது, சொந்தத்தில் வேறு யாருக்காவது உண்டா என்பதையெல்லாம் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். நாள் கணக்கு முக்கியம்: மேனியா என்று சொல்லக் குறைந்தது ஒரு வாரம், லேசான வடிவமான ஹைப்போமேனியாவுக்குக் குறைந்தது நான்கு நாள் நீடித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நிலைக்குப் போனால் ஒரு வாரம் ஆனதா என்று பார்ப்பதில்லை. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416க்கு (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை.

லித்தியம் பழைய மருந்து. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மேனியாவுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். விலை குறைவு, இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. தொல்லை என்னவென்றால், பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடம் ரொம்பக் குறைவு. நீண்டகாலச் சிகிச்சையில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைப்பார்கள், சிலருக்கு 1.0 வரை. 1.5ஐத் தாண்டினால் ஆபத்து.

தொடங்கும் முன்பே சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் பார்த்துவிட வேண்டும். தொடங்கி ஐந்து முதல் ஏழு நாளிலும், மாத்திரை அளவு மாறும்போதெல்லாமும் லித்தியம் அளவு பார்ப்பார்கள். இதில் அதிகம் நடக்கும் தவறு நேரத்தில்தான். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு லேப். காலை மாத்திரை இருந்தால் அதைப் பையில் வைத்துக்கொண்டு போய், ரத்தம் எடுத்த பிறகு போடுங்கள். போட்டுவிட்டுப் போனால் எண் பொய்யாக ஏறிக் காட்டும், டாக்டரும் அதை நம்பி அளவைக் குறைத்துவிடக்கூடும்.

லித்தியத்தைச் சிறுநீரகம் ஏறக்குறைய உப்பைப் போலவே நடத்துகிறது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால் உப்போடு சேர்த்து லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கத்திரி வெயில், வயிற்றுப்போக்கு, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், திடீரென உப்பில்லாச் சாப்பாடு எல்லாமே அளவை ஏற்றும். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபனும் அப்படியே; வலிக்குப் பாராசிட்டமால் போதும். பிரஷருக்கு டெல்மிசார்டன், எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு எழுதும் டாக்டரிடம் லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லியே ஆக வேண்டும்.

விரல் நுனியில் மெல்லிய நடுக்கம், அடிக்கடி தாகம் பலருக்கும் வரும். அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். டம்ளரைப் பிடிக்க முடியாத நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாடும் நடை, கூடவே வாந்தி என்றால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், லித்தியம் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

குணமாகிவிட்டது என்று தானாக நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம். சட்டென்று நிறுத்தினால் மேனியா வேகமாகத் திரும்பும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் டாக்டர் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.