நம்பரைப் பார்த்து பூட்ஸ் வாங்காதீங்க

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஒருத்தராவது ஏறாத வீடு குறைவு. எங்கள் வீட்டில் நான் ஏறினேன். முதலில் அப்பர் என்கிற ஷூ மேல்பகுதியைத் தைக்கிற வேலை, பிறகு அதைக் கட்டையில் இழுத்து ஒட்டுகிற லாஸ்டிங், இப்போது பெட்டியில் போடுவதற்கு முன் கடைசியாகப் பார்க்கிற செக்கிங். அதனால் சொந்தத்தில் யார் மலை ஏற பூட்ஸ் வாங்கினாலும் எனக்குத்தான் போன். இந்தத் தடவை குப்பத்தில் படிக்கிற அண்ணன் மகள்.

"அத்தே, நீதான் ஷூ கம்பெனியில கீறியே, லிங்க் அனுப்பறேன் பாரு. ஆறு நம்பர். ஆஃபர் இன்னிக்கு ராத்திரியோட முடியுது."

"ஆறுன்னு யாரு சொன்னது?"

"ஸ்கூல் ஷூ ஆறுதானே."

ஆஃபர் முடியட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எந்த ஷூவுக்குள்ளும் அது முடியும் வரை ஒரு கட்டை இருக்கும். கம்பெனியில் லாஸ்ட் என்போம். முன்பு மரத்தில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக். அதன் மேல் அப்பரை மாட்டி, சூடு காட்டி, இழுத்து ஒட்டி, சோல் அழுத்தி, ஆறவைத்து, கடைசியில்தான் கட்டையை உருவுவோம். ஷூவுக்குள் உங்கள் காலுக்கு எவ்வளவு இடம் என்பதை அந்தக் கட்டைதான் தீர்மானிக்கிறது. பெட்டியில் இருக்கிற நம்பர் நீளத்தைப் பற்றி ஏதோ சொல்லும். முன்பாதம் எவ்வளவு அகலம், குதிகால் எவ்வளவு ஒடுக்கம், மேல்பாதம் எவ்வளவு உயரம் என்று அது வாயே திறக்காது. ஒரே ஆறு நம்பரில் வேறு வேறு கட்டைகள் எங்கள் ரேக்கிலேயே அடுக்கியிருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று சித்தப்பா பிள்ளை மாதிரிகூட இருக்காது.

நம்பரிலும் குளறுபடி உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் புழங்குவது இங்கிலாந்து நம்பர். அதில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஒரு இன்ச்சில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 8.5 மி.மீ. ஐரோப்பிய நம்பரில் அது 6.67 மி.மீ. இந்த இரண்டும் எங்கேயும் ஒழுங்காக ஒத்துப்போகாது. அதனால்தான் ஒரு கம்பெனி 39 என்பதை ஐந்தரை என்று அச்சடிக்கும், இன்னொன்று ஆறு என்று அச்சடிக்கும். இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

இந்தக் கட்டைகளில் பலவும் ஐரோப்பியக் காலை மனதில் வைத்துச் செதுக்கியவை. சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை ஸ்கேன் செய்து பார்த்தது. இந்தியக் கால்கள் பொதுவாக அகலம் கூடியவை என்று தெரியவந்தது. 'பா' என்ற பெயரில் நமக்கென்று தனி அளவுமுறையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். செக்கிங் டேபிளில் நிற்கிற எங்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. சின்ன வயதிலிருந்து ஹவாய் செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த விரல்கள் விசிறி மாதிரி விரிந்துதான் நிற்கும்.

அண்ணன் மகளை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். சாயங்காலம் ஆகட்டும் என்று உட்காரவைத்தேன். நாள் முழுக்க நடந்த கால் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் உப்பியிருக்கும். மலையிலும் அப்படித்தான் உப்பப் போகிறது. தரையில் காகிதம், சுவரில் குதிகால், முழு எடையும் போட்டு நிற்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் நீளம் குறைத்துக் காட்டும். இரண்டு காலையும் அளக்க வேண்டும். அவளுக்கு இடது 24.1 செ.மீ., வலது 24.5. பெரிய காலுக்குத்தான் பூட்ஸ். நீளத்தைக் கட்டைவிரலில் முடித்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இரண்டாவது விரல்தான் நீளம்.

பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "வெறுங்கால்ல திருப்பதி ஏறுனவங்க நாம. இன்னாத்துக்கு இவ்ளோ காசு குடுத்து பூட்ஸு?" கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகளை அம்மா செருப்பில்லாமல்தான் ஏறினாள். ஆனால் அது படி. கூட்டி வைத்த, சமமான, கைப்பிடி உள்ள படி. பலமநேர்ப் பக்கத்துக் காடு அப்படியா? வெயிலில் காய்ந்த கருங்கல் பாறை, அதன் மேல் உருளுகிற பொடிக்கல், இரண்டு பக்கமும் சூரை முள், காரை முள். முதுகில் தண்ணீரும் சோறும் சேர்ந்த பை. ஆடு மேய்க்கிற தாத்தா டயர் செருப்போடு நம்மைத் தாண்டிப் போவார், அது வேறு கதை. அவர் பாதமே ஒரு சோல்.

எந்த மாதிரி பூட்ஸ் என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. எங்கள் பக்கத்து மலைகளுக்குத் தண்ணீர் புகாத சவ்வு வைத்த பூட்ஸ் வேண்டாம். சேல்ஸ்மேன் முதலில் அதைத்தான் நீட்டுவார், விலையும் அதில்தான் ஏறும். பனியிலும் ஈரப்புல்லிலும் நடப்பவர்களுக்கு அது தேவை. இங்கே சித்திரை வெயிலில் அதற்குள் கால் வெந்துவிடும். ஓடையில் முழங்கால் அளவு இறங்கினால் தண்ணீர் மேல்வாய் வழியாக உள்ளே போகும், போனது வெளியே வராது, காய நேரமும் அதிகம். நாகலாபுரம் மாதிரி குளமும் பாறையும் மாறி மாறி வருகிற வழிகளுக்குச் சவ்வில்லாத பூட்ஸ்தான் நல்லது. ஆனால் முழுக்க வலைத்துணியாகவும் இருக்கக் கூடாது. ஊசிப்புல் விதை வலைக்குள் புகுந்து சாக்ஸைத் தைத்துவிடும். முன்பக்கமும் ஓரமும் ஸ்வேட் என்கிற சொரசொரப்பான தோல், நடுவில் கொஞ்சம் வலை, கணுக்கால் வரை உயரம், லேஸுக்கு அடியில் இருக்கிற நாக்கின் இரு ஓரமும் அப்பரோடு சேர்த்துத் தைத்தது. மண்ணும் முள்ளும் நாக்கோரமாகத்தான் நுழையும்.

அடியில் மஞ்சள் எட்டுக்கோண முத்திரை இருந்தால்தான் நல்ல பூட்ஸா என்று அண்ணன் மகள் கேட்டாள். அது வைப்ரம் கம்பெனி முத்திரை. அவர்கள் தருவது சோல், பூட்ஸ் செய்வது வேறு ஆள். விட்டாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறி, 1935-ல் ஆல்ப்ஸில் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த பிறகு, நல்ல பூட்ஸ் இல்லாததும் அதற்கொரு காரணம் என்று நினைத்து, பல்வைத்த ரப்பர் சோல் செய்தார். 1937-ல் அது வந்தது. முத்திரை நல்லதுதான், ஆனால் ரப்பரில் பல தினுசு உண்டு. மென்மையானது பாறையில் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டியானது நாள்பட உழைக்கும், ஈரப்பாறையில் வழுக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

ரயில் பிடித்து பெங்களூரு போனோம். அங்கே ஒரு கடையில் கல் பதித்த சின்னச் சரிவு மேடை போட்டு வைத்திருக்கிறார்கள், அதற்காகவே. மலைக்குப் போடப் போகிற சாக்ஸையே கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பருத்தி சாக்ஸ் வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு தோலை உரித்துவிடும். கம்பளியும் நைலானும் கலந்தது நல்லது.

காலை விடுவதற்கு முன் நான் கையை விடுவேன். இது தொழில் பழக்கம். விரல் நுனியால் உள்ளே முழுக்கத் தடவினால் பசை உருண்டை, தையல் முடிச்சு, தூக்கிக்கொண்ட உள்சோல் ஓரம் எல்லாம் மாட்டும். இரண்டையும் மேஜையில் குதிகால் ஒட்டி நிறுத்திப் பின்பக்க உயரம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பேன். தோல் பூட்ஸ் என்றால் இன்னொன்றும் உண்டு. மாட்டின் முதுகுத் தோல் கெட்டி, வயிற்றுப்பக்கத் தோல் இழுபடும். ஒரு ஜோடியின் இரண்டு காலுக்கும் ஒத்த இடத்திலிருந்து வெட்ட வேண்டும் என்பது கட்டிங் செக்‌ஷனின் பாலபாடம். வேகத்தில் அது தவறினால் ஒரு பூட்ஸ் சீக்கிரம் தளர்ந்துபோகும். முன்பாதத்தில் விழுகிற சுருக்கத்தைப் பார்த்தால் தெரியும். ஒன்றில் நுணுக்கமான சுருக்கமும் இன்னொன்றில் தொளதொள சுருக்கமும் இருந்தால் வேறு ஜோடி கேளுங்கள்.

பிறகு உள்ளே இருக்கிற மெத்தைத் தகட்டை உருவித் தரையில் போட்டு அதன் மேல் நிற்கச் சொன்னேன். நம்பரைவிட நம்பகமான சோதனை இது. முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும், சதை பக்கவாட்டில் வழியக் கூடாது. பெண்களுக்கான மாடல்களில் சுண்டுவிரல் முழுக்க வெளியே நின்றது. பெண்கள் கட்டை பொதுவாக ஒடுக்கம். ஆண்கள் மாடலில் முன்பாதம் பொருந்தியது, குதிகால் ஆடியது. சேல்ஸ்மேனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. எனக்குப் போகவில்லை, எங்களுக்குத் திரும்பும் ரயில் ராத்திரிதான்.

கடைசியில் அகலக் கட்டையில் செய்த ஏழு நம்பர் ஒன்று வந்தது. லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளி விரல் முட்டியதும் குதிகாலுக்குப் பின்னால் என் ஆள்காட்டி விரலை விட்டேன், போனது. அப்புறம் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்காரவைத்து லேஸ் கட்டி, மேடையில் இறங்கச் சொன்னேன். இறங்கும்போது விரல் முன்னால் முட்டக் கூடாது. முட்டினால் மலையிலிருந்து இறங்கும்போது நகம் கறுத்துவிடும். ஏறும்போது குதிகால் இலேசாக எழும்பலாம், சோல் புதுசில் விறைப்பாக இருக்கும். உரசினால் வேண்டாம். பூட்ஸ் மடங்குகிற இடமும் விரல் மடங்குகிற இடமும் ஒன்றாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். கடைக்குள்ளேயே அரை மணி நேரம் நடக்கவைத்தேன். "அத்தே, எல்லாரும் பாக்கறாங்க." பார்க்கட்டும்.

பெட்டியில் ஒட்டியிருந்த லேபிளில் தயாரித்த மாதம், வருடம் பார்த்தேன். பாலியூரிதேன் நடுசோல் வைத்த பூட்ஸ் போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் சிதைந்து, ஒருநாள் நடுமலையில் உதிர்ந்துவிடும். பெரிய தள்ளுபடியில் வருகிற பழைய ஸ்டாக்கில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

கல்யாணமான பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், பூட்ஸ் பற்றி எழுதுகிற ஆண்கள் யாரும் சொல்வதில்லை: மெட்டி. இரண்டாவது விரலில் வளையம் இருந்தால் அந்த அகலத்துக்கும் சேர்த்து இடம் வேண்டும். ஏறும்போது தெரியாது. இறங்கும்போது விரல்கள் நெருக்கிக்கொள்ளும், மெட்டி பக்கத்து விரலில் பதியும். கால் வேறு உப்பிவிட்டால் கழற்றவும் வராது. நான் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டுதான் ஏறுவேன். மாமியார் முதலில் முகம் சுளித்தார். ஒருமுறை ஏலகிரியில் இருக்கிற சுவாமிமலை இறங்கி வந்த என் விரலைக் காட்டினேன், அதோடு விட்டார். கழற்ற மனமில்லாதவர்கள் முத்தும் சலங்கையும் இல்லாத, மெல்லிய தட்டை மெட்டியாகப் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் அளவு பார்க்கும்போதும் அது காலில் இருக்கட்டும்.

லேஸ் விஷயம் சின்னது, ஆனால் பாதிப் பொருத்தம் அதில்தான். முன்பாதத்தில் தளர்வாகவும் கணுக்காலில் இறுக்கமாகவும் வேண்டுமென்றால் நடுவில் ஒரு இடத்தில் லேஸை இரண்டு சுற்றுச் சுற்றி இழுங்கள், மேலே இருக்கிற இறுக்கம் கீழே இறங்காது. மேல்பாத எலும்பு வலித்தால் அந்த இடத்தில் மட்டும் குறுக்கே போடாமல் நேராக மேலே ஏற்றுங்கள். உச்சியில் போட்டோ எடுத்து முடித்ததும் இறங்குவதற்கு முன் ஒருமுறை அவிழ்த்துக் கட்டுங்கள்.

அவளுடைய பூட்ஸுக்குப் பெரிதாகப் பழக்கம் தேவைப்படவில்லை, ஸ்வேட்டும் துணியும் சேர்ந்தது. முழுத் தோல் பூட்ஸ் வாங்குபவர்கள் முதலில் வீட்டுக்குள், பிறகு சந்தைக்கு, பிறகு சின்ன ஏற்றத்துக்கு என்று போட்டுப் பழக்குங்கள். தண்ணீரில் ஊறவைப்பது, வெயிலில் காயவைப்பது எல்லாம் பசைக்கு ஆகாது. அப்படியும் சுண்டுவிரலில் ஒரே இடம் அழுத்தினால் எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தாத்தா உட்கார்ந்திருக்கிறார். சாக்பீஸால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தால் உள்ளே கட்டை வைத்து ராத்திரி முழுக்க நிறுத்தி, அந்த இடத்தை மட்டும் எழுப்பித் தருவார். தோலாக இருந்தால்தான் வாங்குவார். சிந்தெடிக்கைக் கொண்டுபோனால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது இழுக்காது, வித்தவன்கிட்டயே குடு" என்று திருப்பிவிடுவார்.