வீடியோ அழைப்பில் எப்போதும் தூங்கிய பையன்

இரண்டரை வயதுவரை என் மகன் வீடியோ அழைப்பில் தூங்கிக்கொண்டேதான் இருந்தான். அவன் தூங்கும் நேரம் பார்த்துத்தான் ஊருக்குப் பேசுவோம். விழித்திருக்கும்போது கூப்பிட்டு, என் அம்மா அவன் பெயரைச் சொல்லி, அவன் திரும்பாமல் காலணிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்துவிட்டால் என்ன சொல்வது? நாடு விட்டு வந்ததில் இப்படியும் ஒரு வசதி. நாங்கள் காட்டுவதுதான் அவர்கள் பார்க்கும் பேரன்.

சாக்குக்கும் பஞ்சமில்லை. பேச்சு வரவில்லையா? வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி, குழம்பியிருப்பான். பிள்ளைகளோடு சேரவில்லையா? எங்கள் இரண்டு பேரைத் தவிர அவன் யாரைப் பார்த்தான்? போதாததற்கு அம்மாவும், "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், நீயே மூணு வயசுலதான் வாயைத் திறந்தே" என்று உறுதி கொடுத்தார். ஊரில் இருந்திருந்தால் இதில் பாதிச் சாக்கு எங்களுக்குக் கிடைத்திருக்காது.

இரண்டு வயதுப் பரிசோதனையில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டுகிறானா என்று ஒரு கேள்வி. 'ஆம்' என்று குறித்தேன். உண்மையில் அவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், என் கையை அந்தப் பொருளின் மேல் வைப்பான். அதுவும் காட்டுவதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டது ஒன்று, நான் குறித்தது வேறு என்பது அப்போதே தெரியும். அந்த ஒரு குறியால் ஆறு மாதம் போனது. மனைவிக்கு விஷயம் தெரிந்தபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பேசுவதும் பிறரோடு பழகுவதும் வேறு விதமாக அமைகிற வளர்ச்சி வேறுபாடு அது. அம்மாவிடம் தமிழில் சொல்லலாமே என்று தேடினால் 'மதியிறுக்கம்' என்று இருந்தது. சொன்னேன். 'மதி' என்ற சொல் காதில் விழுந்ததுமே, "புத்தி சரியில்லையா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். ஆட்டிசம் என்பதோ கிரேக்கத்தில் 'தான்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். அறிவுக்குறைபாடு சில பிள்ளைகளுக்குச் சேர்ந்து வரலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இதையெல்லாம் அழுகிறவரிடம் எப்படி விளக்குவது? அதன்பிறகு வீட்டில் ஆட்டிசம் என்றே சொல்கிறோம்.

பழி யார் தலையில் விழும் என்று சொல்லவா வேண்டும்? "கைக்குழந்தையை விட்டுட்டு வேலைக்குப் போனா இப்படித்தான்" என்றார் ஓர் அத்தை. முற்பிறவி வினை என்றார் இன்னொருவர். படிக்காதவர்களின் பேச்சு என்று ஒதுக்கப் பார்த்தேன். ஆனால் இதே பழியை ஒரு காலத்தில் பட்டம் பெற்றவர்களும் சுமத்தியிருக்கிறார்கள். 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை முதலில் விவரித்தவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் லியோ கானர், பெற்றோரின் பாசம் வறண்ட மனதைப் பற்றியும் எழுதினார். தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று 1960களில், சிகாகோவில் பிள்ளைகளுக்கான சிகிச்சைப் பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹெய்ம் அதைப் பரப்பினார். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் எழுதிய நூல்தான் அதை எதிர்த்து, காரணம் உடலில் இருக்கிறது என்று வாதாடியது. மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இன்று தெரியும். என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, "அப்போ உங்க பக்கமா, எங்க பக்கமா?" என்று கேட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தோம்.

வாட்ஸ்அப் குழுவில் தடுப்பூசிதான் காரணம் என்றும் வந்தது. அதைக் கிளப்பிவிட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. அந்தத் தகவலை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

என்னை அதிகம் வாட்டியது வேறு. வீட்டில் இந்த நாட்டு மொழியை மட்டும் பேசுங்கள் என்று ஆரம்பத்தில் ஒருவர் அறிவுரை சொன்னார், நாங்களும் தமிழை நிறுத்தினோம். எங்களுக்குத் தெரிந்த அந்நிய மொழியோ வா, உட்கார், தொடாதே என்ற அளவுதான். கொஞ்சவோ கதை சொல்லவோ வராது. எட்டு மாதம் எங்கள் வீட்டில் கட்டளைகள் மட்டுமே ஒலித்தன. பிறகு வந்த பேச்சுப் பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது. வந்த பிள்ளையின் பேச்சு அதனால் இன்னும் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவும் இல்லை. உங்கள் வாயில் எது இயல்பாக வருமோ அதைப் பேசுங்கள் என்றார். அன்றிரவு மனைவி அவனிடம் தமிழில் பேசிக்கொண்டே இருந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை.

இப்போது அவனுக்கு ஆறு வயது. விழித்திருக்கும்போதே ஊருக்குப் பேசுகிறோம். அம்மா "சாப்டியா கண்ணா?" என்றால், பதில் சொல்லாமல் "சாப்டியா கண்ணா" என்று அதே ராகத்தில் திருப்பிச் சொல்வான். "சாப்பிட்டேன்டா" என்று அம்மாவே பதில் சொல்லிக்கொள்வார். ஆனால் அம்மாவுக்கு இன்னொரு கவலை வந்திருக்கிறது. வெளியே தெரிந்தால் தங்கச்சிக்கு நாளைக்கு எப்படி வரன் அமையும் என்கிறார். தங்கச்சிக்கு வயது நான்கு மாதம்.

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு ஒரு போன். பூங்காவில் பார்த்துப் பழகிய தமிழர் ஒருவர். "அண்ணா, அந்தக் கேள்வித்தாள் எங்க கிடைக்கும்? என் பையனுக்கு இல்ல, தெரிஞ்சவங்களுக்கு" என்றார். குளியலறையிலிருந்து பேசுகிறார் போல, குரல் எதிரொலித்தது. எங்கே கேட்க வேண்டும் என்று சொன்னேன். சுட்டிக் காட்டுவது பற்றிய கேள்வியை மட்டும் கவனமாகப் படிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா அது காட்டுறதுல சேருமா அண்ணா?" என்றார்.