கீரி முடித் தூரிகையும் பங்குனி ஆமையும்

2025 பொங்கல் முடிந்த வாரம், திருவான்மியூர் கடற்கரையில் காலை நடைக்குப் போனபோது அலை ஒதுக்கிய ஈரமணலில் ஓர் ஆமை கிடந்தது. கண்கள் பிதுங்கியிருந்தன, கழுத்து வீங்கியிருந்தது. இன்னும் சிறிது தூரம் நடந்தால் இன்னொன்று. கொட்டிவாக்கம் வரை போய்த் திரும்பியதற்குள் ஏழு எண்ணிவிட்டேன். அந்த மாதம் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆலிவ் ரிட்லி என்று செய்தித்தாள்கள் எழுதும் இந்த ஆமைக்கு நம் மீனவர்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. முட்டையிடக் கரையை நோக்கி வரும் காலத்தில்தான் இழுவலையில் சிக்குகிறது. கடலில் வாழ்ந்தாலும் நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் உயிர். வலைக்குள் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது.

நான் ஓவிய ஆசிரியை. வார இறுதிகளில் வீட்டு மாடியில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வகுப்பு எடுக்கிறேன். அன்று மாலை வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். ஐந்து பேர் சேர்ந்தோம். படம் வரைந்து விற்று, நன்கொடையும் திரட்டி, ஆமைகளுக்காக வேலை செய்கிறவர்களுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுப்பது என்று முடிவு செய்தோம். அடுத்த ஐந்து மாதங்களில் நடந்ததை, இதே போன்ற வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வாரத்திலேயே தவறு செய்தோம். என் ஜிபே எண்ணை நண்பர்கள் குழுக்களில் போட்டுவிட்டேன். ஆறு நாளில் 23,000 ரூபாய் என் சேமிப்புக் கணக்கில் வந்து விழுந்தது. மகிழ்ச்சி தாங்கவில்லை. எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் மாமா. அவரிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்தப் பணம் இப்போது யாருடையது, அம்மா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கணக்கு என் பெயரில், கொடுத்தவர்களிடம் ரசீது இல்லை, வாங்கப்போகிற அமைப்புக்கு அப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாது. மறுநாளே ஒவ்வொருவருக்கும் திருப்பி அனுப்பினேன். "யாருக்குக் கொடுப்பது என்று முடிவானதும் அவர்களின் கணக்கு எண்ணைத் தருகிறேன், நேராக அங்கேயே போடுங்கள்" என்று தனித்தனியாக எழுதினேன். நான்கு பேர் திரும்பப் போடவில்லை. வருத்தம்தான். ஆனாலும் அந்த வாரம் மாமா சொன்ன வாக்கியம் எங்கள் சட்டமாகிவிட்டது: ஒரு ரூபாய்கூட உங்கள் கை வழியாகப் போகக்கூடாது.

அடுத்து, யாருக்குக் கொடுப்பது? சென்னையில் ஆமை நடை புதிதல்ல. 1988 முதல் மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இரவு முழுக்கக் கடற்கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். வனத்துறையின் அனுமதியோடு இந்த வேலையைச் செய்யும் அமைப்புகளில் ஒன்றை, ஓர் அறக்கட்டளையை, அணுகினோம். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. பதிவுச் சான்று, நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க உதவும் 80ஜி சான்று, கடந்த மூன்று ஆண்டுக் கணக்கு ஆகியவற்றைக் கேட்டோம். தயங்காமல் எடுத்து வைத்தார்கள். கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம். ஒழுங்காக நடக்கும் அமைப்பு இந்தக் கேள்வியை வரவேற்கும்.

நாங்கள் ஒரு பட்டியலோடு போயிருந்தோம்: சிவப்பு விளக்கு டார்ச், டி-ஷர்ட், விளம்பரப் பலகை. ஒருங்கிணைப்பாளர் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டார்ச் இருக்கிறது. பொரிப்பகத்தில் இரவு காவல் இருக்கும் இரண்டு குப்பத்துப் பையன்களுக்குச் சம்பளம்தான் இல்லை." ஒரு கூட்டில் நூற்றுக்கு மேல் முட்டைகள் இருக்கும். நாற்பத்தைந்து நாள் முதல் ஐம்பத்தைந்து நாள் வரை அவற்றை நாயும் நண்டும் நெருங்காமல் பார்க்க வேண்டும். குஞ்சு வெளிவரும் நேரத்தில் ஆள் இல்லையென்றால், கடலின் வெளிச்சம் என்று நினைத்துத் தெருவிளக்கை நோக்கி ஊர்ந்துவிடும். மாதம் 12,000 வீதம் இரண்டு பேருக்கு நான்கு மாதம், ஆக 96,000 ரூபாய். மீதியில் வேலியும் நிழல்வலையும். எங்கள் பட்டியலை அங்கேயே மடித்து வைத்துவிட்டேன். விசைப்படகுகள் மேல் உள்ள கோபத்தை எல்லா மீனவர்கள் மேலும் காட்டுகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: முட்டையைக் காப்பவர்களும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

நன்கொடையில் நான் எதிர்பாராத சிக்கல் என் வீட்டிலிருந்தே வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா கணவர் 50,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம். அதற்கெனத் தனிப் பதிவும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் இருக்கும் அமைப்புதான் வாங்க முடியும். எங்கள் அமைப்புக்கு அது இல்லை. அதே நேரம் துபாயில் வேலை செய்யும் சித்தப்பா மகன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவன். தன் சம்பளச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவன் அனுப்பிய 10,000 ரூபாயை வாங்குவதில் தடையே இல்லை. "ஏன், என் பணம் செல்லாதா?" என்று அக்கா கணவர் மனம் நொந்தார். அவரை நாலு முறை அழைத்துப் பேசிய பிறகுதான் ஆறினார். "வேறு யார் பெயரிலாவது போட்டுவிடலாமே" என்று சொன்னவர்களும் உண்டு. போடவில்லை.

வரிவிலக்கு பற்றியும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை கிடையாது. புதிய வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை. படம் வாங்குவது நன்கொடை ஆகாது, பணத்துக்குப் பொருள் கிடைத்துவிட்டது. இதை எழுதி வாசலில் ஒட்டியும், பாதிப் பேர் பில்லைக் காட்டி 80ஜி கேட்டார்கள்.

விற்பனைக்கு ஏற்பாடு இப்படி: வாங்குபவர் ஓவியருக்கே நேராகப் பணம் அனுப்புவார், பில் தருவதும் ஓவியர். ஓவியர் 40 சதவீதத்தை வைத்துக்கொண்டு 60 சதவீதத்தை அறக்கட்டளைக்குத் தன் பெயரில் நன்கொடையாகச் செலுத்தி, தனக்கு ரசீது வாங்கிக்கொள்வார். முழுவதையும் கேட்கலாமே என்று எங்களில் இரண்டு பேர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல காரியம் என்று சொல்லி ஓவியர்களிடம் இலவசமாக வாங்குவது இந்த ஊரில் பழக்கமாகிவிட்டது. வண்ணமும் துணியும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம், எங்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

31 படைப்புகள் வந்தன. ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று: கண்ணாடிச் சட்டத்துக்குள் காய்ந்த கடல் விசிறி ஒட்டிய அலங்காரம். கடல் விசிறி செடியல்ல, பவளத்தின் உறவான உயிரினம், சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. கொண்டுவந்த அம்மையாருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி எனக்கு விழுந்தது. கண்காட்சிக்கு ஒன்பது நாள் முன்பு அமைப்பின் தன்னார்வலர் ஒரு பெண் என் மாடிக்கு வந்தாள். மேசையில் இருந்த தூரிகைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "ஆன்ட்டி, இது கீரி முடி."

பல ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய நான்கு தூரிகைகள். முடியின் நுனி கரும்பழுப்பு, நடுவில் வெளிறிய மஞ்சள் பட்டை, அடியில் மறுபடி பழுப்பு. தண்ணீரில் நனைத்தால் ஊசி போலக் குவியும், அழுத்தி எடுத்தால் துள்ளி நிமிரும். அதைப் போன்ற தூரிகை என் கைக்கு வேறு கிடைத்ததில்லை. நல்ல முடி என்று மட்டும்தான் கடையில் சொன்னார்கள், எதன் முடி என்று நானும் கேட்கவில்லை. ஒரு முடியைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினோம். செயற்கை இழை உருகிக் குமிழாகும். இது பொசுங்கித் தூளானது, தலைமுடி கருகும் நாற்றம் அடித்தது.

கீரி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு. அதன் முடியை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். தூரிகைக்காக யாரும் கீரியை வளர்ப்பதில்லை, பொறி வைத்துப் பிடித்து அடித்துக் கொல்கிறார்கள். ஒரு கீரியில் தூரிகைக்கு ஆகும் முடி கொஞ்சம்தான், ஒரு கிலோ சேரப் பத்துக்கணக்கில் கொல்ல வேண்டும். 2019 அக்டோபரில் நாடு முழுவதும் பல இடங்களில் ஒரே நேரத்தில் நடந்த சோதனையில் 50,000-க்கும் மேற்பட்ட கீரி முடித் தூரிகைகள் பிடிபட்டன. இவ்வளவையும் அந்தப் பெண் சொல்லச் சொல்ல, என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆமைக் கண்ணின் ஈரத்தை நான் தீட்டியது அந்தத் தூரிகையால்தான்.

மற்ற ஓவியர்களுக்கும் சொன்னோம். மூன்று பேரிடம் இருந்தது. மொத்தம் பதினொரு தூரிகைகளை, எழுதிக்கொடுத்து, வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்தோம். அங்கிருந்த அதிகாரி திட்டவில்லை, நன்றி சொன்னார். என் இரண்டு படங்களைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டேன். "யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியும். அந்த எட்டு நாளில் செயற்கை இழைத் தூரிகையால் ஒரு சிறிய படம் புதிதாக வரைந்தேன். முதல் இரண்டு நாள் கை பழகவில்லை, மூன்றாம் நாள் பழகிவிட்டது.

பிப்ரவரி கடைசி சனி, ஞாயிறு. கலைக்கூடங்களின் வாடகை கட்டுப்படியாகாததால் எங்கள் குடியிருப்பின் கூடத்திலேயே வைத்தோம். படச் சட்டங்கள், அச்சு, விளக்கு என 19,350 ரூபாய் செலவு. நன்கொடையிலிருந்து எடுக்காமல் ஐந்து பேரும் ஆளுக்கு 3,870 ரூபாய் போட்டோம்.

முதலில் விற்றது ஒரு தகரப் பலகை. திருவல்லிக்கேணியில் கடைப் பெயர்ப்பலகை எழுதியவர் வரைந்தது. ஃப்ளெக்ஸ் வந்ததிலிருந்து அவருக்கு வேலை குறைந்துவிட்டது. பச்சையும் சாம்பலுமான எனாமல் ஆமை, அதன் கீழே மஞ்சள் எழுத்தில், சிவப்பு நிழல் கொடுத்து, "பங்குனி ஆமை". 'கு'வின் வளைவை ஒரே இழுப்பில் இறக்கியிருந்தார். 6,000 ரூபாய்க்கு வாங்கிய இளைஞர் பேரமே பேசவில்லை. 45,000 ரூபாய் விலை வைத்த பெரிய எண்ணெய் வண்ணப் படம் விற்கவில்லை. இத்தகைய விற்பனைக்கு 5,000 ரூபாய்க்குள் இருக்கும் படங்களும் 50 ரூபாய் அஞ்சலட்டைகளும்தான் கை கொடுக்கின்றன.

சனிக்கிழமை மாலை பொரிப்பகக் காவல் பையன்களில் ஒருவன் வந்தான். ஒவ்வொரு படமாகப் பார்த்தவன், ஆமை முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும் படத்தின் முன்னால் நின்றுவிட்டான்.

"அக்கா, இது நம் கரையில் ஏறும் ஆமையின் தடம் இல்லை."

"ஏன் தம்பி?"

"இதில் இரண்டு துடுப்பும் ஒன்றாக ஊன்றியிருக்கிறது. நம் ஆமை ஒன்று மாற்றி ஒன்று வைத்து ஊரும். தடம் பின்னல் மாதிரி விழும்." கூடத்துத் தரையில் மண்டியிட்டு, இரண்டு முழங்கைகளையும் மாற்றி மாற்றி ஊன்றி ஊர்ந்து காட்டினான்.

வரைந்தவர் அறுபது வயதைத் தாண்டியவர், வேறு இன ஆமையின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்துவிட்டார். "நன்றி தம்பி" என்று சொல்லிப் படத்தைக் கழற்றி எடுத்துப் போனார். இரவெல்லாம் தடத்தைத் திருத்தி, ஞாயிறு காலை வண்ணம் காயாமலே கொண்டுவந்து மாட்டினார். மதியத்துக்குள் விற்றுவிட்டது.

படங்களும் அச்சுப் பிரதிகளும் சேர்த்து விற்றது 1,42,000 ரூபாய். அதில் ஓவியர்களின் பங்கு 56,800, அறக்கட்டளைக்கு 85,200. நேரடி நன்கொடை 1,08,500. ஆக அவர்கள் கணக்கில் சேர்ந்தது 1,93,700 ரூபாய். இலக்குக்கு 6,300 குறைவு. ஒருவர் மட்டும் தன் 60 சதவீதத்தை அனுப்ப மே மாதம் வரை இழுத்தார். வாராவாரம் அழைத்தேன், அனுப்பிவிட்டார். நன்கொடையாளர்களுக்கு வரிச் சலுகைக்கான 10பிஇ நன்கொடைச் சான்றுகள் மே மாதக் கடைசியில் மின்னஞ்சலில் வந்தன. முன்பு பணத்தைத் திரும்பப் போடாத நால்வரில் இரண்டு பேர், அந்தக் கணக்கு விவரத்தைப் பார்த்த பிறகு தாமாகவே அனுப்பினார்கள்.

தகரப் பலகையை வாங்கிய இளைஞர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பொரிப்பகத்துக்கே கொடுத்துவிட்டார். மூங்கில் படலில் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஏப்ரலில் ஒரு விடியற்காலை குஞ்சுகளை விடும்போது பெயர்ப்பலகை எழுதும் அண்ணனையும் அழைத்துப் போயிருந்தேன். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத கறுத்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக அலைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பலகையின் அருகே போய், ஓரத்தில் ஏறத் தொடங்கியிருந்த துருவை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"உப்புக் காற்று விடாது. தை மாதம் கூடு போடும்போது சொல்லுங்கள் அம்மா, வந்து மறுபடி எழுதித் தருகிறேன்" என்றார்.