பனி வாரும் மண்வாரியையும் எடுத்து வந்தோம்

கடுங்குளிர் வாட்டும் ஒரு பெருநகரத்திலிருந்து, குளிர் மட்டுப்பட்ட இந்தச் சிற்றூருக்குக் குடும்பத்தோடு வந்து இரண்டு குளிர்காலங்கள் கழிந்துவிட்டன. இப்படி இடம் மாற நினைக்கும் நண்பர்கள் சிலர், "போனது சரிதானா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் ஐந்து பேரும் ஒரே குளிர்காலத்தைவிட்டு வரவில்லை என்பதே அதற்குக் காரணம். அது எனக்குப் புரிவதற்கே ஓர் ஆண்டு பிடித்தது.

அந்த நகரத்தில் என் அம்மாவின் குளிர்காலம் முழுவதும் ஜன்னலுக்குள் அடங்கியிருந்தது. அவருக்கு வயது 74. முதல் பனி விழுந்த நாளிலிருந்து அது உருகி ஓடும் வரை, ஏறத்தாழ ஐந்து மாதங்கள், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவர் வாசல்படி தாண்டியதே இல்லை. என்னுடைய குளிர்காலம் காலை ஐந்தரை மணிக்கு மண்வாரியோடு தொடங்கும். வாசலையும் கார் நிற்கும் இடத்தையும் வாரி முடித்து நிமிரும்போது, பனி அகற்றும் வண்டி தெருவழியே வந்து எல்லாவற்றையும் மீண்டும் நம் வாசலிலேயே தள்ளிவிட்டுப் போகும். என் மனைவிக்கு அது இருட்டின் காலம். ஆறு வயது மகனுக்கு, கையுறை, காலுறை, தொப்பி என்று ஒவ்வொன்றாக மாட்டி முடிக்க இருபது நிமிடம் ஆகும் ஒரு தொல்லை. பதினான்கு வயது மகளுக்கு மட்டும் அது ஒரு கொண்டாட்டம். உறைந்த குளத்தின் மேல் சறுக்கி விளையாடுவதற்காகவே ஆண்டு முழுவதும் காத்திருப்பவள் அவள். இடம் மாறுவது என்று முடிவெடுத்தபோது இந்த ஐந்தையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. வெப்பமானியை மட்டும் பார்த்தேன்.

வெப்பமானி சொன்னது பொய் இல்லை. பழைய ஊரில் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியை ஒட்டி இருந்தது. இங்கே அது உறைநிலைக்கு மேலே 4 டிகிரி. இவ்வளவு வேறுபாட்டுக்கும் காரணம் கடல். ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற, அதே எடையுள்ள காற்றுக்குத் தேவைப்படுவதைப் போல ஏறத்தாழ 4 மடங்கு வெப்பம் வேண்டும். ஆகவே கோடையில் வாங்கிய வெப்பத்தைக் கடல் மெதுவாகத்தான் விட்டுக்கொடுக்கிறது. மத்திய அட்சரேகைகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், கண்டங்களின் மேற்குக் கரையில் இருக்கும் ஊர்களுக்கு அந்த வெப்பம் முதலில் வந்து சேர்கிறது. கனடாவின் வின்னிபெக் நகரைவிட லண்டன் சற்று வடக்கே இருந்தும், அங்கே ஜனவரி மாதம் பல டிகிரி இதமாக இருப்பது இதனால்தான். வெப்பநிலையையும் மழையளவையும் வைத்து உலகத் தட்பவெப்பத்தை வகைப்படுத்திய காலநிலை அறிஞர் கொப்பன், மிதமான வகைக்கும் கடுங்குளிர் வகைக்கும் எல்லையாகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி −3 டிகிரியை வைத்தார். நாங்கள் அந்தக் கோட்டைத் தாண்டி வந்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமிதம்.

சராசரி என்பது பொதுவாக முப்பது ஆண்டுகளின் சராசரி. இப்போது பயன்பாட்டில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான கணக்கு. அந்த எண் ஊரின் ஒரு வானிலை நிலையத்தில், பல இடங்களில் விமான நிலையத்தில், அளக்கப்பட்டது; நாம் குடியிருக்கப்போகும் தெருவில் அளக்கப்பட்டதன்று. இதை முன்பே யோசிக்கும் அறிவு எனக்கு இருந்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அது மனைவியின் யோசனை. "கோடையில் போய்ப் பார்த்தால் எந்த ஊரும் நல்ல ஊராகத்தான் தெரியும், மிக மோசமான வாரத்தில் போய்ப் பார்ப்போம்" என்று அவள் பிடிவாதமாக நின்றாள். ஆகவே, ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்தில் வந்து நான்கு நாள்கள் தங்கினோம்.

அந்த நான்கு நாள்களில் ஒரு காலை எங்கள் முடிவையே மாற்றிவிட்டது. ஆற்றோரத் தாழ்வில் ஒரு வீடு வாடகைக்கு இருந்தது; விசாலமானது, வாடகையும் குறைவு. விடிந்தும் விடியாத நேரத்தில் அதைப் பார்க்க நடந்து போனோம். மேட்டில் இருந்த புல் வெறுமனே ஈரமாக இருந்தது. சரிவில் இறங்க இறங்கக் காலடியில் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஆற்றோரத்தில் ஒவ்வொரு புல்லும் உப்புத் தூவியதுபோல் வெளுத்து நின்றது. காற்று இல்லாத தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துத் தண்ணீரைப்போலப் பள்ளத்தில் வந்து தேங்கும் என்பதைப் பிறகுதான் படித்தேன். பொதுவாக உயரம் கூடக் கூட, 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி வீதம் குளிர் கூடும் என்று பள்ளியில் படித்ததை நம்பிக்கொண்டிருந்த எனக்கு, அப்படிப்பட்ட இரவுகளில் கணக்கு தலைகீழாகிவிடுவது வியப்பாக இருந்தது. மேட்டுத் தெருவில் இருந்த சிறிய வீட்டையே எடுத்தோம். வாங்காமல் வாடகைக்கு எடுத்தது நாங்கள் செய்த இன்னொரு நல்ல காரியம். குறைந்தது ஒரு முழுக் குளிர்காலத்தையாவது கழிக்காமல் வீடு வாங்கக் கூடாது என்பதில் இப்போதும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில்தான் ஆச்சரியங்கள் தொடங்கின. அவற்றில் முதலாவது, வீட்டுக்குள் குளிர்ந்தது.

பழைய நகரத்தில் வெளியே எப்படி இருந்தாலும் வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு உலவலாம். சுவரில் கனத்த வெப்பக்காப்பு, ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி, கதவோரங்களில் ரப்பர் பட்டை என்று அங்கே வீட்டைக் கட்டும்போதே குளிருக்குப் பயந்து கட்டுகிறார்கள். இங்கே குளிர் மிதமானது என்பதனாலேயே யாரும் அதற்கு அஞ்சுவதில்லை. எங்கள் வீட்டின் சுவர் மெல்லியது, ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி. முதல் வாரத்தில் அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏண்டா, அங்கே குளிர் வெளியிலதானே இருந்துச்சு, இங்கே அதையும் வீட்டுக்குள்ள கூப்பிட்டு வச்சிருக்கியே" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னார். வரவேற்பறையில் ஒரு வெப்பமானியை வைத்தபோது அது 15 காட்டியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. முதியவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவே வேண்டியிருக்கலாம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று என்பதைத் தேடிப் படித்தபோது அறிந்தேன். 1997-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான யூரோவின்டர் ஆய்வு, ஐரோப்பாவின் பல பகுதிகளில் வெப்பநிலை ஒவ்வொரு டிகிரியாகக் குறையும்போது இறப்புகள் எவ்வளவு கூடுகின்றன என்று கணக்கிட்டது. கடுங்குளிருக்குப் பேர்போன தெற்கு பின்லாந்தைவிட, இதமான ஏதென்ஸில் அந்தக் கூடுதல் பல மடங்காக இருந்தது. இதமான பகுதிகளில் வீடுகளுக்குள் குளிர்ந்திருப்பதும், வெளியே போகும்போது மக்கள் தொப்பியும் கையுறையும் கனத்த மேலாடையும் அணியாமல் போவதும் இதனோடு சேர்ந்தே காணப்பட்டன. மிதமான குளிர் என்ற சொல்லை நம்பிக் கனத்த உடைகளில் பாதியை ஊரைவிட்டு வரும்போது நாங்கள் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். அதைப் படித்த மறுநாளே அம்மாவுக்குப் புதிதாக ஒரு கனத்த மேலாடை வாங்கினேன்.

இரண்டாவது, பூஞ்சை. ஒரு நாள் துணி அலமாரியை நகர்த்தியபோது, அதன் பின்னால் சுவரில் மிளகைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் ஒரு முழ உயரத்துக்குப் படர்ந்திருந்தன. மகனின் பழைய காலணி ஒன்றின் உட்புறம் சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்திருந்தது. பழைய ஊரில் உதடு வெடிக்கும், தோல் வறளும், கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று மின்சாரம் பாயும். ஈரம் என்ற பேச்சே இருந்ததில்லை. காரணம் எளிது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் வரை நீராவியைத் தாங்கும். −15 டிகிரியில் அது 1.5 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். அந்த வறண்ட காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் வீடு பாலைவனமாகிறது. இங்கேயோ வெளிக்காற்றே ஈரம் சுமந்து வருகிறது. நாம் குளிப்பது, சமைப்பது, உள்ளே துணி உலர்த்துவது எல்லாம் அதோடு சேர்ந்து, குளிர்ந்த சுவரைத் தொட்டவுடன் தண்ணீராகப் படிகின்றன. அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம், குளியலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி போட்டோம், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கினோம். முதல் நாள் இரவில் அதன் தொட்டியில் சேர்ந்த தண்ணீரைப் பார்த்து மகன் கைதட்டினான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மூன்றாவதைப் பற்றிச் சற்று வெட்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. அம்மா விழுந்துவிடுவாரோ என்று அஞ்சி ஊரை மாற்றினோம், விழுந்தவன் நான். பழைய ஊரின் பனி, கடுங்குளிரில் மணலைப்போல நறநறவென்று மிதிபடும். இங்கே இரவில் −1, பகலில் 4 என்று வெப்பநிலை உறைநிலைக் கோட்டைத் தாண்டித் தாண்டிக் குதிக்கிறது. பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, காலையில் வெறும் ஈரத் தரைபோல் காட்சியளிக்கும். அப்படியொரு காலையில் படியில் கால் வைத்தவன், அடுத்த நொடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை மட்டும் வீங்கியதோடு போயிற்று. ஒரு நன்மை, இந்த வெப்பநிலையில் உப்பு நன்றாக வேலை செய்யும். −10 டிகிரியை ஒட்டிப் போனால் சாதாரண உப்பினால் அதிகம் பயனில்லை. இப்போது மாலையிலேயே படிகளில் தூவிவிடுகிறேன். அம்மாவோ உறைந்த காலைகளில் வெளியே போவதில்லை. பதினொரு மணிக்கு மேல் தெரு முனை வரை நடந்துவிட்டு வருகிறார். ஐந்து மாதம் ஜன்னலோடு இருந்தவருக்கு இது பெரிய விடுதலைதான்.

மனைவியின் இருட்டைப் பற்றித்தான் நான் முற்றிலும் தவறாகக் கணக்கிட்டிருந்தேன். நாங்கள் கடலை நோக்கித்தான் நகர்ந்தோம். நிலநடுக்கோட்டை நோக்கி நகரவில்லை. 50-ஆவது அட்சரேகையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல், எந்த ஊராக இருந்தாலும், ஏறத்தாழ 8 மணி நேரம்தான். பழைய ஊரில் அந்த எட்டு மணி நேரமாவது நீல வானமும் பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் இருந்தன. இதமான குளிரைக் கொண்டுவரும் அதே கடற்காற்று இங்கே மேகத்தையும் கொண்டுவருகிறது; வாரக்கணக்கில் வானம் ஈயத் தகடுபோல் இருக்கும். குளிர்காலத்தோடு வந்து குளிர்காலத்தோடு போகும் மனச்சோர்வை 1984-இல் நார்மன் ரோசந்தாலும் அவருடைய சகாக்களும் மருத்துவ உலகுக்கு விவரித்தார்கள். அவளுக்கு இருப்பது அதுதான் என்று எங்கள் மருத்துவர் சொன்ன பிறகு, காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கின் முன் அமர்கிறாள். நன்றாகவே பலன் தருகிறது. ஆனால் ஊர் மாறியதால் கிடைத்த பலன் அன்று அது. அந்த விளக்கைப் பழைய ஊரிலேயே வாங்கியிருக்கலாம்.

சிற்றூர் என்பதால் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பள்ளிக்கு நடந்தே போகலாம். மூட்டு மருத்துவரைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் வண்டியோட்ட வேண்டும். ஆகவே அம்மாவின் பழைய மருத்துவக் கோப்புகளை நகலெடுத்தும், மூன்று மாத மருந்தைக் கையிருப்பில் வைத்துக்கொண்டும் வந்தது நல்லதாயிற்று. வீட்டிலிருந்தே வேலை செய்யும் மனைவிக்கு இணைய இணைப்பு அந்தத் தெருவுக்கு வருகிறதா என்று முகவரியை வைத்தே உறுதிசெய்துகொண்டோம்.

மகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இங்கே குளம் உறைவதில்லை. முதல் ஆண்டு முழுவதும் அவளுடைய சறுக்குக் காலணி பெட்டியிலேயே கிடந்தது. அதை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டபோது, "உங்க எல்லாருக்கும் பிடிக்காததை விட்டுட்டு வந்தீங்கப்பா, எனக்குப் பிடிச்சதையும் சேர்த்து விட்டுட்டீங்க" என்றாள். என்னிடம் பதில் இல்லை. இப்போது மாதம் இருமுறை, மூட்டு மருத்துவர் இருக்கும் அதே நகரத்தின் உள்ளரங்கத் தளத்துக்கு அழைத்துப் போகிறேன். கூரைக்கு அடியில் சறுக்குவது சறுக்குவதே இல்லை என்பது அவள் கருத்து, ஆனாலும் வருகிறாள்.

பழைய ஊரிலிருந்து சாமான் ஏற்றியபோது மண்வாரியும் எப்படியோ வண்டியில் ஏறிவிட்டது. இறக்கும்போது மனைவி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் பனி பெய்தது. பனி அகற்றும் வண்டிகள் பெயருக்கு இரண்டோ மூன்றோ இருக்கும் ஊர் இது. பள்ளி மூடிவிட்டது, பேருந்து நின்றுவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் குப்பை அள்ளும் தட்டால் வாசலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வருவதற்குள் மகள் மண்வாரியோடு தெருவில் இறங்கியிருந்தாள். எங்கள் வாசல், பக்கத்து வாசல், எதிர் வாசல் என்று தெருவின் வளைவு வரை ஒற்றையடிப் பாதை போட்டுவிட்டு, சிவந்த கன்னத்தோடு வந்து நின்றாள். அந்தப் பாதையில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வளைவு வரை போய்த் திரும்பினார். மதியத்துக்குள் பனி முழுவதும் உருகி ஓடிவிட்டது. மண்வாரியைப் பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.